மேட்டுத்தெருவுக்கு வெள்ள இன்சூரன்ஸ்

டேனரி மேனேஜர் அரங்கநாதன் மேட்டுத்தெருவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

போன ஐப்பசியில் தெருவின் பதினொரு வீடுகளிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது அவர் வரவில்லை. பங்கஜத்தின் வீட்டுப் பின்சுவர் சரிந்து, அரிசிப் பானையும் பாயும் டேனரிச் சாக்கடைத் தண்ணீரில் மிதந்தபோதும் வரவில்லை. இப்போது புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், நல்ல வெயிலில், சலவைச் சட்டையோடு வந்து நின்றார். கூடவே தோல்பையைச் சுமந்துகொண்டு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் காசிநாதன்.

தெருவே கூடியது. கூடியவர்களில் பாதிப் பேர் தோல் பதனிடும் அவருடைய டேனரியில் வேலை செய்பவர்கள். மீதிப் பேர், பங்கஜத்தைப் போல, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் மேல்தோல் தைப்பவர்கள்.

"கம்பெனி உங்களை மறக்கலை," என்றார் அரங்கநாதன். "பதினொரு வீட்டுக்கும் வெள்ள இன்சூரன்ஸ் போடறோம். பிரீமியம் முழுக்கக் கம்பெனி கட்டும். தண்ணி வந்து வீட்டுக்குச் சேதம்னா இன்சூரன்ஸ்காரங்க பணம் தருவாங்க. நீங்க பண்ண வேண்டியது ஒரு கையெழுத்து. அவ்ளோதான்."

பெட்டிக்கடை மக்பூல் அகமது முதல் ஆளாகக் கை நீட்டி ஃபாரத்தை வாங்கினார்.

பங்கஜம் நகரவில்லை. அவள் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், பழுப்பாக ஒரு கோடு. மூன்று முறை சுண்ணாம்பு அடித்தும் போகாத கோடு. வெறும் மழைத் தண்ணீராக இருந்தால் போயிருக்கும். டேனரிக் கழிவு கலந்து வந்த தண்ணீர், சுவருக்குள் ஊறிவிட்டது.

"ஒரு விஷயம் கேக்கலாமா சார்?" என்றாள்.

"கேளும்மா."

"இன்சூரன்ஸ் போட்டா தண்ணி வராதா?"

"வந்தா பணம் வரும்."

"அப்போ தண்ணி வர்றது வந்துகினே இருக்கும். அந்த ஓடைச் சுவரு அங்கியே நிக்கும்."

பங்கஜத்தின் கணவன் ஜம்புலிங்கம் அவள் முழங்கையைப் பிடித்தான். டேனரியில் பதினாலு வருஷமாகத் தோலின் சவ்வை எடுக்கும் மெஷினில் நிற்பவன். மேனேஜர் எதிரில் அவன் நிமிர்ந்து பேசியதே இல்லை.

அவள் சொன்ன சுவர், அங்கிருந்தே தெரிந்தது. மேட்டுத்தெருவுக்கும் டேனரிக்கும் நடுவில் மலையிலிருந்து வரும் ஓடை. வருஷத்தில் பத்து மாதம் அதில் டேனரிக் கழிவுதான் ஓடும். மழைக்காலத்தில் மட்டும் மலைத் தண்ணீர் வரும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தொன்றில், டேனரி தன் பக்கத்துக் கரையை விட்டு ஓடைக்குள்ளேயே இறங்கி, ஆள் உயரத்துக்குக் கருங்கல் சுவர் எழுப்பியது. பாதி ஓடை கம்பெனிக்குள் போய்விட்டது. அடுத்த வருஷ ஐப்பசியிலேயே தண்ணீர் மேட்டுத்தெருவில் ஏறிவிட்டது.

சுவரை இடிக்கச் சொல்லித் தெருவே சேர்ந்து தாசில்தாருக்கு மனு கொடுத்திருந்தது. மனுவில் முதல் கையெழுத்து பங்கஜத்துடையது. விசாரணை ஐப்பசி முதல் வாரம்.

"சுவர் விஷயம் தாசில்தார்கிட்ட இருக்கு. அதை அங்க பேசிக்கலாம்," என்றார் அரங்கநாதன், குரல் மாறாமல். "இது உதவி. வேணும்னா வாங்கிக்க. வேணாம்னா விடு."

"படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் சார்."

"இங்கிலீஷ்ல இருக்கு."

"தைக்கிற ஷூவு கூடத்தான் இங்கிலீஷ்காரனுக்குப் போவுது. நான் தைக்கலியா?"

யாரோ சிரித்தார்கள். அரங்கநாதன் சிரிக்கவில்லை. அரை மணி நேரத்தில் பத்துக் கையெழுத்துகளோடு அவர் கிளம்பிப் போனார். பங்கஜத்தின் ஃபாரத்தை வாங்கி வரச் சொல்லி ஏஜெண்ட் காசிநாதனை விட்டுவிட்டுப் போனார்.

காசிநாதன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். பங்கஜம் சொம்பைக் கொடுத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"உங்களுக்குக் கமிஷன் வரும். அத மறந்துட்டுச் சொல்லுங்க. எனக்கு வெள்ள இன்சூரன்ஸ் வேணுமா, வேணாமா?"

காசிநாதன் சொம்பைக் கீழே வைத்தார். ஏமாற்றுகிற முகம் அல்ல அவருடையது. வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து, வெயிலில் அலைந்து பிழைக்கிற மனிதர்.

"மூணு விஷயம் பாக்கணும்மா. தண்ணி எத்தனை வாட்டி வந்திருக்கு, எவ்ளோ உயரம் வந்திருக்கு, மறுபடி வருமா."

"வந்தது ஒரு வாட்டி. உயரம் இந்தா, சுவத்துல பாருங்க. மறுபடி வருமான்னா, வரும்."

"வீடு போனா திரும்பக் கட்ட உங்ககிட்ட வழி இருக்கா?"

"ஒம்பது வருஷம் ரெண்டு பேரும் வேல செஞ்சு கட்னது. இன்னொரு ஒம்பது வருஷம் எங்க இருக்குது?"

"அப்போ வேணும்," என்றார் காசிநாதன். "ஆனா தெரிஞ்சுக்குங்க. சுவரும் கூரையும்தான் கணக்கு. அரிசி, துணி நனைஞ்சதுக்கு வராது, அதைத் தனியா எழுதணும். ஃபாரத்துல பொய் இருந்தா ஒண்ணுமே வராது. அது முக்கியம்."

"பொய் இருந்தா வராதா?"

"வராது."

பங்கஜம் எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "தில்ஷாத், கொஞ்சம் வா."

தில்ஷாத் மக்பூல் அகமதுவின் மருமகள். பத்தாவது பாஸ். பங்கஜத்தோடு ஒரே மேசையில் ஷூ தைப்பவள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஃபாரத்தை வாங்கி வரிவரியாகப் படித்துச் சொன்னாள். பேர், முகவரி, ஓட்டு வீடா மாடி வீடா, எந்த வருஷம் கட்டியது. ஏழாவது கேள்வியில் நின்றுவிட்டாள்.

"அக்கா, இது கேள்வி மட்டும் இல்ல. பதிலும் டைப் அடிச்சிருக்கு."

"இன்னா அடிச்சிருக்கு?"

"வீடு தாழ்வான இடத்துல இருக்குதான்னு கேள்வி. ஆமான்னு பதில். தண்ணி வர்றதுக்குக் காரணம் இன்னான்னு அடுத்த கேள்வி. நிலம் இயற்கையாவே பள்ளம், கட்னதுலேர்ந்து வருஷா வருஷம் தண்ணி வர்றது வழக்கம்னு பதில்." தில்ஷாத் தலையை நிமிர்த்தினாள். "எங்க மாமா கையெழுத்துப் போட்டதும் இதே மாதிரிதான் இருக்கும்."

பங்கஜம் காசிநாதன் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மேட்டுத்தெரு எப்போ சார் பள்ளமாச்சு?"

"அம்மா, சத்தியமா எனக்குத் தெரியாது. நான் வெறும் ஃபாரம்தான் கொடுத்தேன். அவங்க ஆபீஸ்ல டைப் அடிச்சுத் தர்றோம்னாங்க. எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கறதால நேரம் மிச்சம்னு நினைச்சேன்."

"நீங்க நேரம் மிச்சம் புடிச்சிட்டீங்க. அவரு சுவரை மிச்சம் புடிச்சிட்டாரு. பத்துப் பேரு எங்க வீடு பள்ளம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இத தாசில்தார் மேசைல வெச்சா எங்க மனு குப்பைக்குப் போவும்."

காசிநாதன் தோல்பையைத் திறந்து, டைப் அடிக்காத ஒரு வெற்று ஃபாரத்தை எடுத்து மேசை இல்லாத வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கையிலேயே கொடுத்தார்.

"உங்க பதிலை நீங்களே எழுதுங்க," என்றார்.

அன்று மத்தியானம் பங்கஜமும் ஜம்புலிங்கமும் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள்.

"கையெழுத்துப் போட்டுத் தொலைய வேண்டியதுதானே," என்றான் அவன். "ஓசில வர்றத வேணாம்னு சொன்ன ஒரே ஆளு நீதான். நாளைக்கு நான் எந்த மூஞ்சோட மெஷின்ல நிக்கறது?"

"உன் மூஞ்சி எப்பவும் தரையப் பாத்துதானே நிக்குது. யாருக்குத் தெரியப் போவுது?"

"பேஜார் பண்ணாத பங்கஜம்."

"ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. எழுபத்தேழுல பெருமழை வந்துச்சே, நீ எங்க இருந்தே?"

"டேனரிலதான். தோலு ஊறுற குழிக்குள்ள தண்ணி பூந்து சுண்ணாம்பெல்லாம் கலங்கிப்போச்சு. தோலு அழுகிப்போவும்னு ஆள் விட்டுக் கூப்ட்டாங்க. விடியற வரைக்கும் தூக்கினோம்."

"எழுபத்தொம்பதுல?"

"அப்பவும் அதேதான்."

"யாரை வீட்டுக்கு அனுப்பனாங்க?"

ஜம்புலிங்கம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வெள்ளத்தன்று தோல் தூக்க வருபவர்களுக்குக் கம்பெனி வெள்ளப் படி என்று தனிப்பணம் கொடுக்கும். தூக்க ஆரம்பிக்கும் முன்னால் மேஸ்திரி சத்தமாக ஒன்று சொல்வார். தன் வீட்டில் தண்ணீர் ஏறியவன் போகலாம், அவனுக்குப் படி வெட்டு கிடையாது என்று. பாலாற்றங்கரைக் குடிசைக்காரர்கள் ஓடுவார்கள்.

"நம்ம தெருக்காரன் எவனாச்சும் போனானா?"

"போவல."

"ஏன் போவல?"

"நம்ம வீட்ல ஏது தண்ணி?"

"நான் இன்னா பண்ணிகினு இருந்தேன் அன்னிக்கி?"

அவனுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. "பஜ்ஜி போட்டுகினு இருந்தே. நான் வந்தப்போ மொளகா பஜ்ஜிதான் மிச்சம் இருந்தது."

"அதப் போயி தாசில்தார்கிட்ட சொல்லுவியா?"

சிரிப்பு போய்விட்டது. அவன் தட்டில் கை கழுவினான்.

"பதினாலு வருஷம் பங்கஜம். அந்த மெஷின விட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?"

"அவன் தோலு நனையக்கூடாதுன்னு ஓடி ஓடித் தூக்கினியே. உன் அரிசி நனைஞ்சப்போ எவன் வந்தான்?"

ஜம்புலிங்கம் எழுந்து வெளியே போய்விட்டான்.

மறுநாள் சாயங்காலம், ஷூ கம்பெனி விட்டதும், தில்ஷாத்தின் கையால் வெற்று ஃபாரம் நிரம்பியது. வீடு மேட்டு நிலத்தில் உள்ளது. கட்டியது எழுபத்திரண்டில். எண்பத்தொன்று வரை வீட்டுக்குள் தண்ணீர் வந்ததில்லை. எதிர்க்கரையில் டேனரி ஓடைக்குள் சுவர் கட்டிய பிறகு, எண்பத்திரண்டு ஐப்பசியில் ஒன்றரை அடி வந்தது. பிரீமியத்தைப் பங்கஜம் தன் சம்பளத்திலிருந்தே கொடுத்தாள். கம்பெனிப் பணம் வேண்டாம் என்று காசிநாதனிடம் இரண்டு முறை சொன்னாள்.

"இப்படி எழுதினா எங்க ஆபீஸ்ல இன்ஜினியரை அனுப்பிப் பார்ப்பாங்கம்மா," என்றார் அவர்.

"வரட்டும்."

அடுத்த வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வந்தார். ஒல்லியான, பேச்சே இல்லாத மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கினார். நாற்றத்துக்கு மூக்கைக்கூடப் பொத்தவில்லை. மேலே பாலத்தடியில் டேப் வைத்தார், நாற்பது அடி. சுவருக்கு எதிரில் டேப் வைத்தார், பத்தொன்பது. அரங்கநாதன் ஆள் அனுப்பி ஆபீஸுக்கு வந்து கலர் சோடா குடிக்கக் கூப்பிட்டார். "வேலை இருக்கு," என்று இன்ஜினியர் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது.

பத்து நாளில் பங்கஜத்தின் பணம் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். கொண்டுவந்த காசிநாதனின் முகம் இழவு வீட்டுக்கு வந்தவர் போல இருந்தது.

"முடியாதுன்னுட்டாங்கம்மா. மன்னிச்சுக்குங்க."

தில்ஷாத் கடிதத்தைப் படித்தாள். கட்டடம் இயல்பாகவே மேடான நிலத்தில் உள்ளது. எதிர்க்கரையில் எழுப்பப்பட்ட சுவரால் ஓடையின் அகலம் பாதிக்கும் மேல் குறைந்துள்ளது. அந்தத் தடை நீங்கும்வரை இக்கட்டடத்துக்கு வெள்ளக் காப்பீடு வழங்க இயலாது. கீழே சர்க்கார் இன்சூரன்ஸ் கம்பெனியின் முத்திரை.

பங்கஜம் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு கடிதத்தை வாங்கி, ரவிக்கைத் துணி வைக்கும் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"இதுக்கு மன்னிப்பு எதுக்கு சார்?" என்றாள். "நீங்க பாலிசி குடுத்திருந்தா இந்தக் காயிதம் எனக்குக் கெடைச்சிருக்குமா?"

விசாரணை நாளன்று தாலுகா ஆபீஸில் கூட்டம் இல்லை. கையெழுத்துப் போட்ட பத்து வீட்டுக்காரர்களில் மக்பூல் அகமது மட்டும் வந்திருந்தார். தான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று மருமகள் படித்துச் சொன்னதிலிருந்து அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஜம்புலிங்கம் வருவதாகச் சொல்லவில்லை. ஆனால் பங்கஜம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, டேனரியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வேறு பஸ்ஸில் வந்து, தூரத்துப் புளியமரத்தடியில் நின்றிருந்தான். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போனாள்.

அரங்கநாதன் பத்து ஃபாரங்களின் நகலைத் தாசில்தார் மேசையில் வரிசையாக வைத்தார்.

"அவங்களே எழுதிக் கொடுத்தது சார். நிலம் பள்ளம், வருஷா வருஷம் தண்ணி வரும்னு. பாவம்னு கம்பெனி பிரீமியம் கட்டுது. எங்க மேலயே மனு."

பங்கஜம் கடிதத்தை அவற்றின் மேல் வைத்தாள்.

தாசில்தார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இன்சூரன்ஸ் கம்பெனி வேற மாதிரி சொல்லுதே?"

"அது ஒரு இன்ஜினியரோட அபிப்பிராயம் சார். சுவர் கட்டறதுக்கு முன்னாடியும் அந்தத் தெருவுலதான் தண்ணி நிக்கும். ஓடைத்தண்ணி எங்க பக்கம் வந்ததே இல்லை."

"வந்ததே இல்லையா?"

"ஒரு சொட்டு வந்ததில்லை."

வாசல் பக்கம் ஒரு இருமல் கேட்டது. ஜம்புலிங்கம் உள்ளே வந்தான். அவன் பார்வை வழக்கம்போலத் தரையில்தான் இருந்தது.

"எழுபத்தேழுல கழுத்து வரைக்கும் வந்துச்சு சார்," என்றான். "குழிக்குள்ள எறங்கி நான்தான் தோலு தூக்கினேன். எழுபத்தொம்பதுலயும் தூக்கினேன்."

"ஜம்பு," என்றார் அரங்கநாதன் மெதுவாக.

ஜம்புலிங்கம் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "வீட்ல தண்ணி வந்தவங்க போலாம்னு மேஸ்திரி சொன்னாரு. எங்க தெருக்காரன் ஒருத்தன்கூடப் போவல சார். எங்களுக்குப் போறதுக்கு அவசியமே இல்ல. தண்ணி எல்லாம் உங்ககிட்டதான் இருந்துச்சு."

"இதுக்கெல்லாம் அத்தாட்சி வேணும் சார்," என்றார் மேனேஜர் தாசில்தாரிடம்.

"இருக்குது," என்றான் ஜம்புலிங்கம். "வெள்ளப் படி வாங்கினதுக்குக் கையெழுத்து வாங்கினீங்களே. அந்தச் சீட்டெல்லாம் உங்க பீரோவுலதான் இருக்குது."

"அதெல்லாம் கரையான் அரிச்சுப்போச்சு."

தாசில்தார் பத்து ஃபாரங்களையும் அடுக்கித் தட்டினார். "வெள்ளப் படின்னு ஒண்ணு இருந்ததை ஒத்துக்கறீங்க. ஓடைத்தண்ணி வராத கம்பெனியில அது எதுக்கு?"

மக்பூல் அகமது தாடியைத் தடவிக்கொண்டே முன்னால் வந்து, தன் ஃபாரத்தின் நகலைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை.

சுவர் முழுசாக இடிக்கப்படவில்லை. ஆறடி அகலத்துக்கு நான்கு இடத்தில் திறந்துவிட உத்தரவு வந்தது. மேலே அப்பீல் போகப்போவதாகக் கம்பெனி சொன்னது. ஆனால் மழை வாசலில் நின்றது, தாசில்தாரும் ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டரை அனுப்பி நின்று பார்க்க வைத்தார். கடப்பாரை விழுந்த சத்தத்தைப் பங்கஜம் வாசலில் உட்கார்ந்து கடைசிக் கல் வரை கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமையே ஜம்புலிங்கத்தை மெஷினிலிருந்து எடுத்துச் சுண்ணாம்புக் குழியில் போட்டார்கள். அவன் தொழிலாளர் சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுக் குழியில் இறங்கினான். சாயங்காலம் விரல் இடுக்கெல்லாம் வெடித்து வந்தான். பங்கஜம் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். எரிச்சலில் அவன் கையை இழுத்துக்கொண்டபோது இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"திட்டறதுன்னா வாயால திட்டு," என்றான் அவன்.

"உன்ன இல்ல," என்றாள் அவள்.

ஐப்பசி பாதியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. ஓடை பொங்கி, நான்கு வழியிலும் டேனரிக்குள் பாய்ந்தது. மேட்டுத்தெருவில் வாசற்படி வரை வந்து நின்றுவிட்டது. தோல் தூக்க ஆள் கேட்டுக் கம்பெனி மேஸ்திரி குடையோடு தெருவுக்கு வந்தார். ஒரு கதவும் திறக்கவில்லை.

மழை விட்ட வாரம் காசிநாதன் வந்தார். இப்போது தயக்கம் இல்லாமல் உட்கார்ந்தார்.

"தடை நீங்கிடுச்சுன்னு ஆபீஸ்ல எழுதிட்டேன். இனிமே பாலிசி தருவாங்க. ஆனா தண்ணிதான் வரலையே. உங்களுக்கு வேணுமாம்மா?"

"வேணும்."

"யோசிச்சுச் சொல்லுங்க. வருஷா வருஷம் கட்டணும்."

"யோசிச்சுட்டேன். கம்பெனிக்காரன் அப்பீல் போறேன்னு சொல்லிகினு இருக்கான். இன்னிக்கு ஒடைச்சவன் நாளைக்கு அடைப்பான். அன்னிக்கு நான் தாசில்தார் வாசல்ல நிப்பேனா, இடிஞ்ச வீட்டுச் சுவத்தக் கட்டுவேனா? எழுதுங்க."

காசிநாதன் பேனாவைத் திறந்தார். முதல் ஆறு கேள்விகளையும் அவரே எழுதினார். ஏழாவதை அவள் சொல்லச் சொல்ல எழுதினார். எட்டாவதில், தண்ணீர் வந்தால் காரணம் என்னவாக இருக்கும் என்ற கேள்விக்கு, பங்கஜம் ஓடையின் அகலத்திலிருந்து ஆரம்பித்தாள். கம்பெனி பேர், மேனேஜர் பேர், சுவர் கட்டிய வருஷம், வெள்ளப் படி என்று போய்க்கொண்டே இருந்தது.

"அம்மா, இந்தக் கட்டத்துல ரெண்டு வரிக்குத்தான் இடம்," என்றார் அவர்.

"பின்பக்கம் காலியாத்தானே இருக்குது," என்றாள் பங்கஜம். "திருப்பி எழுதுங்க."